பத்து வருட அனுபவமுள்ள ஜியாலஜிஸ்ட் எங்கே போகலாம்: எண்ணெயா, சுரங்கமா, அணையா, அரசு வேலையா?

நிலவியல் படித்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் களத்தில் கழித்தவருக்கு, வேலை கிடைக்குமா என்பது பெரும்பாலும் கவலையாக இருப்பதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் தலைவலி. ஒரு பக்கம் தங்கச் சுரங்கத்திலிருந்து அழைப்பு வரும். இன்னொரு பக்கம் அணை, குகைப்பாதை வேலைகளை எடுத்துச் செய்யும் ஆலோசனை நிறுவனம் பேசிக்கொண்டிருக்கும். நடுவில் அரசு நிலவியல் துறையில் ஒரு காலியிடம் கண்ணில் படும். மூன்றின் சம்பளத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் விடை தானாக வந்துவிடும் போலத் தோன்றும். அப்படி வருகிற விடையை நான் நம்ப மாட்டேன். இந்தத் துறையில் ஆண்டுச் சம்பளம் பாதிக் கணக்குதான். அந்தச் சம்பளம் இடைவெளி இல்லாமல் எத்தனை வருடம் வரும், சந்தை விலை விழும்போது அடி யார் தலையில் விழும், அங்கே சேர்கிற அனுபவம் வெளியே போனால் விலைபோகுமா என்பதெல்லாம் மீதிப் பாதி.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கையெழுத்துக்குச் சட்டப்படி ஒரு மதிப்பு இருக்கும் இடத்துக்குப் போவதுதான் நடுத்தர அனுபவக்காரருக்கு நல்லது. தொடக்கத்தில் பத்து, பதினைந்து சதவீதம் குறைவாகக் கொடுத்தாலும் சரி. ஏன் என்பது கீழே வரும்.

சம்பளத் தாளில் இருப்பதும் இல்லாததும்

பொதுவெளியில் கிடைக்கும் நம்பகமான எண்களில் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கும் ஒன்று. 2023 மே மாத நிலவரப்படி அந்நாட்டில் புவி அறிவியலாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 92,580 டாலர். நீரியலாளர்களுக்கு 88,770 டாலர். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ். நேற்றுச் சேர்ந்தவரும் முப்பது வருடம் ஆனவரும் அதில் கலந்திருக்கிறார்கள், அதனால் அனுபவசாலி ஒருவர் அதைத் தன் அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கணக்கில் எண்ணைவிடப் பயனுள்ளது துறைவாரியான வரிசை. எண்ணெய், எரிவாயு, சுரங்கம் உச்சியில். அதற்கடுத்து மத்திய அரசு. பொறியியல் ஆலோசனை நிறுவனங்களும் மாநில அரசுகளும் கீழே. மற்ற நாடுகளில் தொகை மாறும், வரிசை பெரிதாக மாறாது.

இனி, சம்பளத் தாளில் எழுதாத ஒன்று: மணிக்கணக்கு. தொலைதூரச் சுரங்கங்களில் விமானத்தில் போய் வந்து செய்யும் ரோஸ்டர் வேலைகள் பல விதம். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 243 நாள். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 2,900 மணி நேரத்துக்கும் மேல். எட்டு நாள் வேலை, ஆறு நாள் ஓய்வு என்றால் 209 நாள், சுமார் 2,500 மணி நேரம். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் வழக்கமான 28 நாள் உள்ளே, 28 நாள் வெளியே என்பது 2,200 மணி நேரத்தை ஒட்டி வரும். நகரத்து அலுவலகத்தில் 46 வாரம், வாரம் 40 மணி என்றால் 1,840. ஆண்டு விடுப்பைக் கழித்தால் ரோஸ்டர் எண்கள் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் விஷயம் மாறாது. அலுவலக வேலையைவிட நாற்பது சதவீதம் கூடுதல் சம்பளம் என்று இரண்டுக்கு ஒன்று ரோஸ்டரில் உங்களைக் கூப்பிட்டால், மணிக்கணக்கில் பார்க்கும்போது உங்களுக்குச் சம்பளம் குறைகிறது. முகாமில் சாப்பாடும் தங்கலும் இலவசம், செலவழிக்க இடமில்லை, அதனால் சேமிப்பு கூடும் என்பதும் உண்மைதான். அது சேமிப்பின் கணக்கு. உழைப்புக்கு என்ன விலை கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பலர் பத்து வருடம் ஓட்டிவிடுகிறார்கள்.

எண்ணெய்: உச்சச் சம்பளம், ஒடுங்கிய கதவு

எண்ணெய்த் துறை கொடுப்பதை மற்றவர்களால் கொடுக்க முடியாது. அடிப்படைச் சம்பளம், போனஸ், வெளிநாட்டில் வேலை என்றால் வீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊர் போய் வர டிக்கெட். வளைகுடா நாடுகளில் தனிநபர் வருமான வரியும் இல்லை.

ஆனால் விலை வரலாற்றைப் பாருங்கள். 2014 நடுவில் பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூடிஐ எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதற்கு முன்பு 1986, 1998, 2008 வருடங்களிலும் விலை சரிந்தது. 1985-இல் இருபத்தைந்து வயதில் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெற்றவர் இந்த ஐந்து வீழ்ச்சிகளையும் பார்த்திருப்பார். சராசரியாக ஏழு வருடத்துக்கு ஒன்று.

ஒவ்வொரு முறையும் முதலில் கை வைப்பது புதிய எண்ணெய் வயல்களைத் தேடும் குழுவில்தான். அதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. தேடல் என்பது இந்த வருடச் செலவு, பத்து வருடம் கழித்து வரும் வருமானம். நிதித்துறைக்கு அதை வெட்டுவதுதான் சுலபம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வயலில் அடுத்த கிணற்றை எங்கே போடுவது, கிடைமட்டக் கிணற்றைப் பாறை அடுக்குக்குள் எப்படி வழிநடத்துவது என்று பார்க்கும் உற்பத்திப் பிரிவு ஜியாலஜிஸ்ட்டை அவ்வளவு சீக்கிரம் அனுப்ப மாட்டார்கள். அவர் போனால் இந்த மாத உற்பத்தியே அடிபடும். ஆகவே எண்ணெய்க்குள்ளேயே இருப்பவர் செய்ய வேண்டிய முதல் ஒப்பீடு, தேடலா உற்பத்தியா என்பது. தேடலில் மேதாவிப் பட்டம் கிடைக்கும், கண்டுபிடித்தால் பெயர் நிலைக்கும். உற்பத்தியில் மாதக் கடைசியில் சம்பளம் வரும். நாற்பதைத் தாண்டியவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கடினப் பாறைச் சுரங்கத்திலிருந்து முப்பத்தெட்டு வயதில் எண்ணெய்க்கு மாற நினைப்பவருக்கு ஒரு வார்த்தை: கதவு திறப்பது அபூர்வம். நில அதிர்வுத் தரவைப் படிப்பதும் எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையைக் கணினியில் மாடலிடுவதும் அங்கே முதல் ஐந்து வருடத்தில் கைவர வேண்டியவை. அவை இல்லாதவரை மூத்த பதவிக்கு எடுக்க மாட்டார்கள்; இளநிலைப் பதவிக்கு எடுக்க உங்கள் வயது இடிக்கும்.

எண்ணெயிலிருந்து வெளியே வரும் வழி மட்டும் முன்னைவிட அகலமாகியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடைப் பாறைக்குள் செலுத்திச் சேமிப்பதற்கு வேண்டிய திறமை, எண்ணெய் எடுக்க வேண்டிய அதே திறமைதான், திசை மட்டும் தலைகீழ். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதலே இப்படிச் செலுத்தி வருகிறார்கள். அதே நாட்டின் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் 2025-இல் சேமிப்பைத் தொடங்கியது. ஷேல் என்னும் இறுகிய களிமண் பாறையிலிருந்து எண்ணெய் எடுப்பதற்காக வளர்ந்த கிடைமட்டத் துளையிடலை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புவிவெப்ப மின்சாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பேச்சு பெரிதாக இருக்கும் அளவுக்கு இங்கே நாற்காலிகள் இன்னும் இல்லை. அரசு மானியத்தை நம்பி நிற்கும் திட்டங்களும் நிறைய. எண்ணெயில் ஆட்குறைப்பு வருமுன் இப்பக்கம் ஒரு திட்டத்திலாவது கை நனைத்து வைப்பது நல்லது. சம்பள உயர்வுக்காகத் தாவுவதற்கு உரிய இடமாக இது இன்னும் ஆகவில்லை.

சுரங்கம்: ஒரே பெயரில் மூன்று வேலை

"சுரங்க ஜியாலஜிஸ்ட்" என்று வெளியே ஒரே பெயராகச் சொன்னாலும் உள்ளே மூன்று பிழைப்பு இருக்கிறது: கனிமம் தேடுபவர், ஓடும் சுரங்கத்தில் தாது எது, கழிவு எது என்று தினம் பிரித்துக் கொடுப்பவர், மொத்தக் கனிம இருப்பைக் கணக்கிடுபவர். மூவரின் சம்பளமும் எதிர்காலமும் வேறு வேறு.

தேடலில் வேலை கொடுப்பவர்களில் பெரும்பகுதி, வருமானமே இல்லாத சிறு நிறுவனங்கள். பங்குச் சந்தையில் பணம் திரட்டித் துளையிடுவார்கள். பணம் தீர்ந்தால் மறுபடி திரட்டுவார்கள். சந்தை முகம் சுளித்தால் அடுத்த மாதம் முகாம் காலி. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தால் அதை ஈடுகட்டப் பங்கு விருப்புரிமை கொடுப்பார்கள். குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை, பெரும்பாலும் சில வருடங்களில் காலாவதியாகும். அதை நான் எப்போதும் பூஜ்யம் என்றே கணக்கில் எழுதுவேன். கிடைத்தால் யோகம், ஆனால் வீட்டுக் கடன் தவணைக்கு யோகத்தை நம்ப முடியாது.

எந்தக் கனிமம் என்பதும் இங்கே சம்பளத்தைத் தீர்மானிக்கும். லித்தியம் விலை 2022 கடைசியில் உச்சத்துக்குப் போய், அடுத்த இரண்டு வருடத்துக்குள் எண்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. உச்சத்தில், லித்தியம் கிடைக்கும் பெக்மடைட் பாறையில் நாலு வருட அனுபவம் உள்ளவருக்கு இருந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. சரிவில் அதே ஆள் தங்கத்தில் வேலை தேடினார். நிக்கலில் இந்தோனேசியாவின் உற்பத்தி வெள்ளமாக வந்ததும் விலை விழுந்து, பிஎச்பி நிறுவனம் மேற்கு ஆஸ்திரேலியாவில் தன் நிக்கல் வெஸ்ட் பிரிவை 2024 அக்டோபரில் நிறுத்தி வைத்தது. தங்கம் எதிர்ப்பக்கம் ஓடியது: 2020-இல் அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டியது, 2025 மார்ச்சில் 3,000, அதே வருடம் அக்டோபரில் 4,000. இதே தங்கத்தில்தான் 2013-க்குப் பிறகு சில வருடம் தேடல் நிறுவனங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

எனவே ஒரு கனிமத்தின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். பாறைக் கட்டமைப்பைப் படிக்கத் தெரிந்தவர், அதாவது பிளவு, மடிப்பு, தாது நரம்பு எந்தப் பக்கம் ஓடும் என்று துளைமண்ணிலிருந்தே (துளையிட்டு எடுத்த பாறை மாதிரி) சொல்லக்கூடியவர், தங்கத்திலும் செம்பிலும் நிக்கலிலும் பிழைப்பார். "லித்தியம் நிபுணர்" லித்தியத்தோடு ஏறி லித்தியத்தோடு இறங்குவார்.

கையெழுத்தின் விலை

கனிம இருப்பைக் கணக்கிடும் ரிசோர்ஸ் ஜியாலஜிஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியாட்களுக்கு அதிகம் தெரியாத பதவி, உள்ளே இருப்பவர்களில் பலர் கணினி வேலை என்று ஒதுக்கும் பதவி.

1997-இல் கனடாவின் பிரெ-எக்ஸ் நிறுவனம் சரிந்தது. இந்தோனேசியாவின் புசாங்கில் உலகின் மிகப் பெரிய தங்கப் படிவுகளில் ஒன்று இருப்பதாகச் சொல்லி, பங்கு மதிப்பு 600 கோடி கனடா டாலருக்கு மேல் போயிருந்தது. பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகளைக் கலந்திருக்கிறார்கள். அங்கே பொருட்படுத்தும்படி தங்கமே இல்லை. அதன் விளைவாக 2001-இல் கனடாவில் என்ஐ 43-101 விதி வந்தது: சந்தையில் சொல்லப்படும் கனிம இருப்புக்குத் தகுதி பெற்ற ஒரு நிபுணர் பொறுப்பேற்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதே வகையான ஜோர்க் விதித்தொகுப்பு 1989-லேயே வந்துவிட்டது. இரண்டிலும் குறைந்தது ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். ஜோர்க்கில் அது பொத்தாம்பொதுவான அனுபவமாக இருந்தால் போதாது: கையெழுத்துப் போடும் படிவின் வகைக்கும் வேலைக்கும் பொருந்த வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும்.

அந்தக் கையெழுத்து ஏன் விலைபோகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு தங்க நரம்பில் ஒரு மீட்டர் நீளமுள்ள நாற்பது மாதிரிகள். முப்பத்தொன்பதில் டன்னுக்கு 5 கிராம். ஒன்றில் மட்டும் 205 கிராம், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தங்கக் கட்டி மாட்டியிருக்கிறது. நேராகச் சராசரி எடுத்தால் டன்னுக்கு 10 கிராம். அந்த ஒரு மாதிரியை 20 கிராம் என்று வெட்டிக் கணக்கிட்டால் 5.4 கிராமுக்கும் கீழே. சுரங்கத்தின் தங்கம் பாதியாகிவிட்டது! இருபதில் வெட்டுவதா, நாற்பதில் வெட்டுவதா, அந்த மாதிரியைத் தனி மண்டலமாகப் பிரிப்பதா என்பதை மென்பொருள் சொல்லாது. துளைமண் பெட்டிகளைத் திறந்து, கையில் லென்ஸை வைத்துக்கொண்டு, பக்கத்துத் துளைகளில் அந்தக் கொழுத்த பகுதி தொடர்கிறதா என்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது. இயக்குநர் குழு அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி அவரை மெதுவாகத் தட்டிப் பார்க்கும். வளைந்து கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து ஆலையில் வரும் தங்கம் அவர் கணினியில் போட்ட இருப்பு மாடலோடு ஒட்டாதபோது பெயர் அவருடையதுதான் நாறும்.

ஆகவேதான் இந்த வேலைக்கு விலை விழும் காலத்திலும் ஓரளவு தேவை இருக்கிறது. சுரங்கத்தை விற்றாலும் வாங்கினாலும் கடனை மறுசீரமைத்தாலும் புதிய மதிப்பீடு வேண்டும். சுரங்கத்தில் தாது பிரிக்கும் வேலையில் ஐந்தாறு வருடம் இருந்தவருக்கு இந்தப் பக்கம் நகர்வது சம்பளத்திலும் சரி, ஆயுளிலும் சரி, நான் பார்த்தவரை ஆகச் சிறந்த நகர்வு. அவருக்கு மாடலும் நிஜமும் எங்கே முரண்படும் என்பது தெரியும்; கல்லூரியிலிருந்து நேராகக் கணினிக்கு வந்தவருக்கு அது தெரியாது. படிக்க வேண்டியது புவிப் புள்ளியியல்: வேரியோகிராம் (தூரம் கூடக்கூட மாதிரிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வரைபடம்), கிரிகிங் (சுற்றியுள்ள மாதிரிகளை வைத்து இடைப்பட்ட இடத்தின் மதிப்பைக் கணிக்கும் முறை). பிந்தையது தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகின் பெயரால் வழங்குவது. லீப்ஃப்ராக், டேட்டாமைன், வல்கன் மாதிரியான மென்பொருளில் இரண்டு கைவந்தால் போதும். மென்பொருள் மட்டும் தெரிந்து கணிதம் தெரியாதவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் ஆட்குறைப்பில் அது வெளுத்துவிடும்.

துளைமண்ணை வரிசையாக ஸ்கேன் செய்து பாறை வகையைத் தானே எழுதும் கருவிகள் வந்துவிட்டனவே, எதிர்காலம் என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்கநிலை ஆட்கள் செய்யும் பதிவு வேலை சுருங்கும். மேலே சொன்ன வெட்டும் முடிவுக்கு இன்னும் ஒரு மனிதரின் பெயர்தான் வேண்டும். ஒரே ஒரு சங்கடம், பதிவு வேலை செய்யாமல் அடுத்த தலைமுறைக்குக் கண் எப்படிப் பழகும் என்பது. அதற்கு யாரிடமும் ஒழுங்கான பதிலை நான் கேட்கவில்லை.

அணை, குகைப்பாதை, நிலத்தடி நீர்

1963 அக்டோபர் 9 இரவு இத்தாலியின் வயோன்ட் அணைக்குள் ஒரு மலைச்சரிவே இடிந்து விழுந்தது. அணை உடையவில்லை, அதைத் தாண்டிப் பொங்கிய தண்ணீர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைக் கொன்றது. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் ப்ருமாஜின்யோவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதையடுத்து 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கென்று ஓர் உலகத் தரநெறி வெளியானது. அணையின் அடியில் இருக்கும் பாறையையும் மண்ணையும் முழுமையாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பொறியியல் நிலவியலில் வேலை இப்படித்தான் வளர்கிறது: விபத்து நடக்கும், விதி வரும், விதியை நிறைவேற்ற ஆள் தேடுவார்கள். கனிம விலை விழுந்தாலும் விதி விழாது.

சம்பளம்? அனுபவத்தில் சமமான சுரங்க ஆளைவிடக் குறைவு, அதில் சந்தேகமில்லை. ஆலோசனை நிறுவனம் உங்கள் நேரத்தை மணிக்கணக்கில் விற்கிறது. உங்கள் சம்பளத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு வாடிக்கையாளரிடம் வாங்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பில் போட்டீர்கள் என்று ஒரு தாள் உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் ஆனால் பாறையைப் பார்ப்பதைவிட டெண்டர் எழுதுவதுதான் அதிகம். வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசி அடுத்த வேலையைக் கொண்டுவரத் தெரிந்தவருக்குப் பங்குதாரர் பதவி வரை ஏணி உண்டு. அது வராதவர் ஒரு படியில் நின்றுவிடுவார், சம்பளமும் அங்கேயே நிற்கும்.

இதற்கு எதிரே ஒரு பெரிய வரவு: ஆயுள். அறுபத்தைந்து வயதிலும் ஒரு சரிவைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். தொலைதூர முகாமில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க அந்த வயதில் யாரையும் கூப்பிடுவதில்லை. பல நாள் இரவு வீட்டுக்கு வரலாம். குகைப்பாதை வேலை மட்டும் விதிவிலக்கு, அங்கே துளையிடும் இயந்திரம் எப்போது ஓடுகிறதோ அப்போது நீங்களும் நிற்க வேண்டும். நிலத்தடி நீர், மாசுபட்ட நிலம் ஆகிய இரண்டிலும் இதே கதைதான், கொஞ்சம் இன்னும் குறைந்த சம்பளத்தோடு. ஆனால் சுரங்கத்துக்குள் வரும் நீரைக் கட்டுப்படுத்தத் தெரிந்த நீர்நிலவியலாளர் என்றால் கதை மாறும். சுரங்கச் சம்பளமும் ஆலோசனைத் துறையின் ஆயுளும் ஒரே ஆளுக்குக் கிடைக்கும் அபூர்வ மூலை அது. ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு.

உரிமத்தை இங்கே மறக்கக் கூடாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள், கனடாவில் பெரும்பாலான மாகாணங்கள் ஜியாலஜிஸ்ட் பொதுமக்களுக்கான அறிக்கையில் கையெழுத்திட உரிமம் கேட்கின்றன. பிரிட்டனில் லண்டன் நிலவியல் சங்கத்தின் சார்ட்டர்டு தகுதி, ஐரோப்பாவில் ஐரோப்பிய நிலவியலாளர் பட்டம். தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள் என்று ஒன்றிரண்டு வருடம் இழுக்கும். வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் தொடக்கத்தில் சம்பளம் ஒன்றுபோலத் தெரியும். ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும் நாளில்தான் வித்தியாசம் தெரியவரும்.

அரசு நிலவியல் துறை

பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் 1835-இல், இந்தியாவினுடையது 1851-இல், அமெரிக்காவினுடையது 1879-இல் தொடங்கின. இவ்வளவு நீண்ட ஆயுளுள்ள தனியார் சுரங்க நிறுவனங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓய்வூதியம், மருத்துவம், விடுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், வெளியே தெரியும் சம்பள வித்தியாசத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு இந்தக் கணக்கு கச்சிதமாக உட்காரும். நாற்பதில் சேர்பவருக்கு உட்காராது. ஓய்வூதியம் வளர வருடம் போதாது, பல நாடுகளில் நுழைவு வயது வரம்பே தடுத்துவிடும், வெளியே சேர்த்த அனுபவத்தை முழுதாகச் சம்பளப் படிநிலையில் எண்ணவும் மாட்டார்கள்.

அரசு என்றால் அசையாது என்பதும் முழு உண்மை அல்ல. 1910-இல் தொடங்கிய அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தை 1996-இல் மூடிவிட்டார்கள். எண்பத்தாறு வருட நிறுவனம், ஒரு பட்ஜெட் முடிவில் போயிற்று.

பல்கலைக்கழகத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. பத்து வருடத் தொழில் அனுபவத்தோடு முழுநேரப் பேராசிரியராகப் போவது பணக் கணக்கில் எப்படிப் பார்த்தாலும் நட்டம். போகிறவர்கள் பணத்துக்காகப் போவதில்லை.

சொந்தமாக ஆலோசகராவது

நாள் கட்டணத்தைக் கேட்டதும் கண் விரியும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆண்டுச் சம்பளம் 120 அலகு என்று வையுங்கள். முதலாளி கட்டும் ஓய்வூதியப் பங்கு, காப்பீடு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு எல்லாம் சேர்த்துக் கால் பங்கு கூட்டினால் 150. சொந்தமாகப் போகும்போது நாளுக்கு 1.2 அலகு கேட்டால், பழைய நிலைக்கு வர 125 நாள் விற்றாக வேண்டும். நல்ல காலத்தில் 180 நாள் விற்பீர்கள், உள்ளங்கை நிறையும். மோசமான காலத்தில் அறுபது நாள் விற்பதே பாடு, அதிலும் பில்லுக்குப் பணம் வர மூன்று மாதம். தேடல் நிறுவனங்கள் பணத் தட்டுப்பாட்டில் முதலில் நிறுத்துவது ஆலோசகரின் பில்லைத்தான்.

இதோடு தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு சேரும். இதில் ஒரு கொக்கி இருக்கிறது: பெரும்பாலான பாலிசிகளில், வழக்கு வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அறுபத்திரண்டில் தொழிலை முடித்துக்கொண்டாலும், ஐம்பத்தெட்டில் போட்ட கையெழுத்துக்காக அதற்குப் பிறகும் சில வருடம் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். இதை நாள் கட்டணத்தில் ஏற்றாமல் தொழில் தொடங்கியவர்கள் கடைசியில் கையைக் கடித்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து இதில் நன்றாக இருப்பவர்கள் இரண்டு வகை. பெயரெடுத்த ரிசோர்ஸ் ஜியாலஜிஸ்ட்கள், அணை வேலையில் முதிர்ந்தவர்கள். இருவரிடமும் பொதுவாக இருப்பது, சட்டம் கேட்கும் கையெழுத்து. வெறும் "இருபது வருடத் தேடல் அனுபவம்" உச்சக் காலத்தில் மட்டுமே விற்கும் சரக்கு.

யாருக்கு எது

முப்பத்தைந்து வயதுக்குள், ஓடும் சுரங்கத்தில் இருக்கிறீர்களா? தேடல் முகாமிலிருந்து கூடுதல் சம்பளத்தோடு அழைப்பு வந்தாலும் உடனே போக வேண்டாம். இருக்கும் சுரங்கத்திலேயே இருப்பு மாடல் பக்கம் நகர முடியுமா என்று கேளுங்கள். ஐந்து வருடக் கடிகாரம் அங்கே ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும்.

தேடல்தான் உயிர் என்பவரைத் தடுக்கவில்லை. கண்டுபிடிப்பு தரும் போதை வேறெங்கும் கிடைக்காது. ஒரு வருடச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்க வேண்டும். கூடுமானால் பெரிய நிறுவனத்தின் தேடல் பிரிவாக இருக்க வேண்டும்.

பள்ளி போகும் பிள்ளைகள், வேலைக்குப் போகும் துணை, இனி முகாம் வாழ்க்கை ஓடாது என்ற நிலையா? பொறியியல் நிலவியல் அல்லது சுரங்க நீர். முதல் இரண்டு வருடம் சம்பளம் இறங்கும். உரிமம் வந்ததும் கொஞ்சம் நிமிரும். நாற்பத்தைந்துக்குப் பிறகு மாறுவதைவிட முப்பத்தெட்டில் மாறுவது சுலபம், ஏனென்றால் இறங்கிவரும் படிகள் குறைவு.

எண்ணெயில் பதினைந்து வருடம் ஆனவர் அங்கேயே இருக்கலாம், உற்பத்திப் பக்கம். ஐந்து வீழ்ச்சிக் கணக்கை மனதில் வைத்து, நல்ல வருடத்துச் சம்பளத்துக்கு வாழ்க்கையைப் பெருக்காமல் இருந்தால் மற்ற எவரையும்விட அதிகம் சேர்ப்பார்.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சில. திட்டம் நின்றால் எத்தனை வாரச் சம்பளம்? ரோஸ்டரை நிறுவனம் ஒருதலையாக மாற்றலாமா? பயண நாள் வேலை நாளா, ஓய்வு நாளா? (இரண்டு வார ஓய்வில் இரண்டு நாள் விமான நிலையத்தில் கழிந்தால் அது பன்னிரண்டு நாள் ஓய்வுதான்.) எந்த நாட்டில் வரி? பல நாடுகளில் 183 நாள் தங்கினால் வரி வசிப்பாளர் ஆகிவிடுவீர்கள், 28/28 ரோஸ்டர் அந்தக் கோட்டை ஒட்டியே ஓடுகிறது. உங்கள் பெயரில் அறிக்கை வெளியாகும் முன் இறுதி வடிவத்தைப் படித்துச் சம்மதம் தரும் உரிமை எழுத்தில் இருக்கிறதா?

இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று: ஒரு பதிவேடு. எந்தப் படிவு, என்ன வகை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, நீங்கள் செய்தது என்ன, மேற்பார்வையிட்டவர் யார். நிறுவனத்தின் ரகசியத் தரவு எதுவும் வேண்டாம், உங்கள் வேலையின் விவரம் மட்டும். சிறு நிறுவனங்கள் மூடப்படும், மேலாளர்கள் வேறு கண்டத்துக்குப் போய்விடுவார்கள், உரிமத்துக்கோ கையெழுத்துத் தகுதிக்கோ விண்ணப்பிக்கும்போது எட்டு வருடத்துக்கு முந்தைய வேலைக்குச் சாட்சி கேட்பார்கள். மேற்பார்வையாளர் இன்னும் அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பக்கத்தில் அவரிடம் ஒரு கையெழுத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.